முதல் வாடகை வீடு வாங்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளத்தில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, குடியிருக்க வீடு இருக்கிறது அல்லது இப்போதைக்குத் தேவையில்லை, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. தமிழ்நாட்டு நடைமுறையை, அதிலும் சென்னையையும் சுற்றியுள்ள ஊர்களையும் மனதில் வைத்து எழுதியது. வரி விகிதங்களும் பதிவுக் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகையை வைத்தே இஎம்ஐ கட்டிவிட முடியுமா?

முடியாது. கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புறநகரில் 45 லட்சத்துக்கு ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட், வாடகை மாதம் 14,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம், அதாவது 36 லட்சம், வங்கி தருகிறது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு இஎம்ஐ ஏறக்குறைய 31,250 ரூபாய் வரும். வாடகை போக மாதம் 17,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் தவறாமல் ஏறினாலும் அது இஎம்ஐயைத் தொட 16, 17 ஆண்டுகள் ஆகிவிடும்.

இப்போது வருமானத்தை மட்டும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்தால் வாடகை 1,54,000. சொத்து வரி, பெயிண்ட், பிளம்பர், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 20,000 கழித்தால் 1,34,000. பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆக, கையில் நிற்பது 3 சதவீதத்துக்கும் குறைவு. வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

அப்படியென்றால் எதற்கு வாங்க வேண்டும்?

நிலத்தின் விலை ஏறும் என்பதற்காக. மாதாமாதம் கட்டாயமாகச் சேமிக்க வைக்கிறது என்பதற்காக. கடன் முடிந்த பிறகு, ஓய்வுக்காலத்தில், விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஒரு வருமானம் இருக்கும் என்பதற்காக. மூன்றும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மூன்றுமே பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்கக் கூடியவருக்குத்தான் பொருந்தும்.

வாடகைக்கும் இஎம்ஐக்கும் உள்ள அந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் தாங்க முடியுமா என்பதுதான் நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வேலை போய் ஆறு மாதம் சும்மா இருந்தாலும் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துவிட்டு வாங்குங்கள். வீடு எங்கும் ஓடிவிடாது. வாடகை வருமானம்தான் குறி, சொத்து கைவசம் இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லை என்றால், பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ரீட் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இந்தியாவில் 2019 முதல் பட்டியலிடப்பட்டு வருகிறது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் ஒரு பங்கு அதில் வரும். பத்திர அலுவலகம், பிளம்பர் என்ற எந்த அலைச்சலும் கிடையாது.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் பொதுவாக இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் போட வேண்டும்.

மேலே சொன்ன 45 லட்சம் வீட்டுக்கு உங்கள் பங்கு 9 லட்சம், பத்திரச் செலவு 4 லட்சத்துக்குச் சற்று மேல், புரோக்கருக்கு 1 சதவீதம், வக்கீல் கட்டணம், வங்கிச் செலவு, பெயிண்ட், சில்லறை ரிப்பேர். எல்லாம் சேர்த்தால் 14, 15 லட்சம் ஆகிவிடும். இது போக ஆறு மாத இஎம்ஐயைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். இந்தத் தொகையை நகைக் கடனிலும் பர்சனல் லோனிலும் புரட்டி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்திரச் செலவு புது ஃபிளாட்டுக்கு ஒன்று, பழைய வீட்டுக்கு ஒன்றா?

ஆமாம். பழைய வீடோ மனையோ வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். அதில் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி.

கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும். சென்னையில் 60 சதுர மீட்டருக்குள் கார்ப்பெட் ஏரியாவும் (சுவர்களுக்குள் புழங்கக்கூடிய பரப்பு) 45 லட்சத்துக்குள் விலையும் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

ஃபிளாட், தனி வீடு, லைன் வீடு: முதல் முதலீட்டுக்கு எது?

வாடகைக் கணக்கில் பார்த்தால் லைன் வீடுதான் முந்தும். மதுரைப் பக்கம் காம்பவுண்டு வீடு என்பார்கள். ஒரே மனையில் ஐந்தாறு சின்னப் போர்ஷன்கள் வரிசையாக இருக்கும். திருப்பூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போலத் தொழிலாளர்கள் நிறைந்த இடங்களில் ஒவ்வொரு போர்ஷனின் வாடகை சிறியதாக இருந்தாலும் மொத்தமாகக் கூட்டினால் அதே விலைக்கு வாங்கிய ஃபிளாட்டைவிட நன்றாகவே வரும். ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றவை ஓடும். ஆனால் அதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கழிவறை அடைப்பு, ஒருவருக்கொருவர் சச்சரவு, மாதம் பிறந்ததும் ஆறு கதவைத் தட்டுவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். அலுவலக வேலையில் இருப்பவர், வேறு ஊரில் இருந்துகொண்டு இதை நடத்துவது கஷ்டம்.

ஃபிளாட் நேர்மாறு. அசோசியேஷன், வாட்ச்மேன், லிஃப்ட் எல்லாம் ஒருவர் பார்த்துக்கொள்வார், வங்கிக் கடனும் சுலபம். ஆனால் கட்டடம் வயதாகி மதிப்பு இழக்கும், நிலம்தான் விலை ஏறும். ஃபிளாட்டில் உங்களுக்குச் சொந்தமான நிலம் என்பது யூடிஎஸ் என்று சொல்லும் பிரிக்கப்படாத நிலப் பங்கு மட்டும். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு 500, 600 சதுர அடி யூடிஎஸ் தரும் மூன்று மாடிப் பழைய கட்டடம் உண்டு. 250 சதுர அடிகூடத் தேறாத அடுக்குமாடிக் கோபுரமும் உண்டு. நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் பார்த்து மயங்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் நாள் வரும்போது உங்கள் பங்கை முடிவு செய்வது இதுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்பதால் இந்த எண்ணின் மதிப்பு கூடியிருக்கிறது.

தனி வீடு இரண்டுக்கும் நடுவில். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு போர்ஷன் உள்ள தனி வீடு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எந்த ஏரியாவில் வாங்குவது?

ஏரியாவைத் தேடுவதற்கு முன் குடியிருக்க வருபவர் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சோழிங்கநல்லூரில் வாடகைக்கு வருபவர் ஐடி ஊழியர். அவருக்கு கார் பார்க்கிங்கும் இன்டர்நெட்டும் வேண்டும், ஒன்றிரண்டு ஆண்டில் காலி செய்துவிடுவார். தாம்பரம், குரோம்பேட்டையில் வருபவர் மின்சார ரயிலை நம்பியிருக்கும் குடும்பஸ்தர். பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் ஐந்தாறு ஆண்டு அசைய மாட்டார். எனக்கு இரண்டாமவர்தான் பிடிக்கும். வாடகை ஆயிரம் ரூபாய் குறைந்தாலும், ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் அடித்து, புரோக்கருக்குக் கொடுத்து, ஒரு மாதம் காலியாக விட்டுப் பார்க்கும் நஷ்டம் இல்லை.

மெட்ரோ வரப்போகிறது, புதுப் பேருந்து நிலையம் வரப்போகிறது என்று சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வரப்போவதன் விலையை விற்பவர் இன்றே வாங்கிவிடுவார், ஆனால் அவை வந்த பிறகுதான் வாடகை ஏறும். இன்று அந்தத் தெருவில் என்ன வாடகை ஓடுகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காமல், அங்கே குடியிருப்பவர் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

வெள்ளம், தண்ணீர் இரண்டும் சென்னையில் வாடகையை நேரடியாகப் பாதிக்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். மேல் மாடி என்றால் கூரையின் மூலைகளையும் ஃபேன் கொக்கியைச் சுற்றியுள்ள இடத்தையும் பாருங்கள். பாத்ரூமுக்கு வெளிச் சுவரில் முழங்கால் உயரம் வரை பெயிண்ட் பொரிந்திருந்தால் உள்ளே பைப் கசிகிறது என்று அர்த்தம். புதிதாக அந்த ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். குழாய் முனையிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், குடியிருப்பவர் புலம்புவார். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இல்லை செப்டிக் டேங்க்கா? டேங்க் என்றால் லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு ஒருமுறை போனால் டூ வீலர்கள் எங்கே நிற்கின்றன, லிஃப்ட் ஓடுகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மெயின்டனன்ஸ் பாக்கி, அசோசியேஷனில் நடக்கும் வழக்கு, பெரிய ரிப்பேருக்கு வசூலிக்கப் போகும் தொகை, இவற்றைச் செயலாளரிடம் கேட்டு, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி அனுமதியுடன் கூடிய வரைபடம். புதுத் திட்டம் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தாலோ ரெரா பதிவு கட்டாயம்.

இவற்றை வாங்கி அடுக்கி வைத்தால் போதாது, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவில் உள்ளதும் ஒன்றா? செக்குபந்தியில், அதாவது பத்திரத்தில் எழுதும் நான்கு பக்க எல்லை விவரத்தில், வடக்கே தெரு என்று எழுதியிருந்தால் நேரில் வடக்கே தெருதான் இருக்கிறதா? மூலப் பத்திரத்தில் 2,400 சதுர அடி என்றும், அதிலிருந்து பிரித்து விற்றவை 2,700 சதுர அடி என்றும் கூட்டலில் வருகிறதா? இந்த மூன்றாவது சோதனையில் மாட்டுகிற சொத்துகள் நிறைய. வரைபடத்தில் ஸ்டில்ட் பிளஸ் மூன்று (தூண்கள் மேல் நிற்கும் பார்க்கிங் தளம், அதற்கு மேல் மூன்று மாடி) என்று இருந்து நீங்கள் பார்க்கும் வீடு நான்காவது மாடியில் இருந்தால், எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். அவர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு பார்க்கிறார். உங்கள் பக்கத்துக்கு ஒரு வக்கீலை வைத்து, எழுத்தில் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் பயமில்லையே?

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். ஒவ்வொரு பதிவையும் வரிசையாக வாசியுங்கள். 2011-இல் வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதாக ஒரு பதிவு இருந்தால், பிற்பாடு அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். கடனை அடைத்துவிட்டேன், ரசீது மட்டும் பதியவில்லை என்று விற்பவர் சொன்னால், பதிந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக் காத்திருங்கள்.

பதிவாகாத எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. பதியாத உயில், நிலுவையில் உள்ள நீதிமன்ற வழக்கு, குடும்பத்தில் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை, ஏற்கெனவே வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிப் போட்ட பதியாத ஒப்பந்தம் எதுவும் அதில் தெரியாது. கோயில் நிலமா, புறம்போக்கா என்பதையும் அது தனியாகச் சொல்லாது. அதற்குத்தான் பட்டா, வருவாய்த்துறைப் பதிவேடு, அக்கம்பக்க விசாரணை எல்லாம்.

பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் விற்க வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்த அதிகாரம் பொதுவாகச் செல்லாது. முடிந்தால் உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள்.

பூர்வீகச் சொத்து ஒன்று மலிவாக வருகிறது. அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாங்கலாமா?

அவர்களுடைய சகோதரிகள் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரப்பட்டது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்குச் சீர் செய்துவிட்டோம், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்பது பதில் ஆகாது.

வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். இது உங்கள் பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதல்ல. அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய பணம் அவர்களைப் போய்ச் சேர வேண்டும்.

பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. உங்களுக்கும் நஷ்டம்தான். பத்திரத்தில் விலை குறைவாக இருந்தால் வங்கிக் கடன் குறையும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரிந்து அதற்கு 12.5 சதவீத வரி கட்டுவீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு, இதையும் மறந்துவிடாதீர்கள். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் பிடிக்க வேண்டியது 1 சதவீதம் அல்ல, பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

மனைவி பெயரில் வாங்கினால் வாடகைக்கு வரி குறையுமா?

பணம் உங்களுடையது என்றால் குறையாது. மனைவி பெயரில் இருந்தாலும் வாடகை உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படும். இருவரும் சம்பாதித்து, இருவரும் பணம் போட்டு, கடனிலும் இருவரும் சேர்ந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் வரி. அப்படிச் செய்வது நல்லது. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில் தொடங்கியது. சென்னை ஃபிளாட்டுக்கு அது பயன்படாது, சின்ன ஊரில் மனை வாங்குபவருக்குப் பயன்படும்.

வாடகை வருமானத்துக்கு எவ்வளவு வரி?

முழு வாடகைக்கும் இல்லை. நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். ரசீது எதுவும் காட்ட வேண்டாம். வீட்டுக் கடன் வட்டியையும் கழிக்கலாம். பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் வட்டியே வாடகையைவிட அதிகமாக இருக்கும். பழைய வரி முறையில் இருப்பவர் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது முடியாது. வரி மிச்சமாகும் என்று சொல்லி வீடு விற்பவர்கள் இந்தப் பழைய கணக்கைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம்? 11 மாத ஒப்பந்தம் போதுமா?

சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சர்வசாதாரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்திருக்கிறது. அந்த அளவோடு நிற்பதே முறை. அட்வான்ஸ் பணத்தைச் செலவழிக்காமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். காலி செய்யும் நாளில் திருப்பிக் கொடுக்கப் பணமில்லாமல், அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்று இழுத்தடிப்பது குடியிருந்தவருக்குச் செய்யும் அநியாயம். அவர் அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் பேசியிருப்பார்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம்தான் 11 மாத ஒப்பந்தம். புதுச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் அதற்கென உள்ள அரசு இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். பதிந்து எண் வாங்கி வைத்திருந்தால்தான் தகராறு வரும்போது உங்கள் பேச்சு எடுபடும்.

வாடகைக்குப் பதில் ஒத்திக்கு விட்டால் மொத்தமாகப் பணம் கிடைக்குமே?

சில ஊர்களில் ஒத்தி, சில இடங்களில் போக்கியம், சென்னையில் லீஸ். ஐந்து, பத்து லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருக்க விடுவது. அந்தப் பணத்தை வீட்டுக் கடனில் கட்டினால் வட்டி மிச்சமாகிறது என்பது கணக்குக்குச் சரி. ஆனால் கெடு முடிந்த நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். வேறு ஒத்திக்காரர் கிடைக்காவிட்டால்? அடமானத்தில் உள்ள வீட்டை வங்கியிடம் சொல்லாமல் ஒத்திக்கு விடுவது இரு பக்கமும் ஆபத்து. கடன் தவணை தவறி வங்கி வீட்டை எடுத்தால் ஒத்திப் பணம் கொடுத்த குடும்பம் தெருவில் நிற்கும். முதல் வீட்டில் இது வேண்டாம்.

யாருக்கு விடுவது?

வேலை, வருமானம், முந்தைய வீட்டுக்காரரின் ஒரு வார்த்தை. இவை மூன்றையும் பாருங்கள். ஆதார் நகல் வாங்கிக் காவல் நிலையத்தில் விவரம் கொடுத்து வையுங்கள்.

சாதி, மதம், சாப்பாடு பார்த்து மறுக்காதீர்கள். சைவம் மட்டும் என்று டூ-லெட் போர்டில் எழுதுவதும், பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று சொல்வதும், தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தர மாட்டோம் என்பதும் இன்றும் நடக்கிறது. முதலில் அது தவறு. அதோடு, ஒழுங்காக வாடகை தரக்கூடிய பலரை நீங்களே வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறீர்கள்.

வாடகை வராமல் இழுத்தால் என்ன செய்வது?

ஒரு மாதம் தாமதமானால் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். தவணையாகக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் எழுத்தில் நோட்டீஸ். அதற்கும் வழிக்கு வராவிட்டால் வீட்டைத் திரும்பப் பெறச் சட்டப்படி விண்ணப்பம். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டு மாற்றுவது எதுவும் செய்யாதீர்கள். அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பதைச் சட்டமே தடை செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரியத்தால் வழக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

கரண்ட் பில் எப்படி வாங்குவது?

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், அவர்களே வாரியத்துக்குக் கட்டட்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய சலுகை. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கி லாபம் பார்க்கும் பழக்கத்தை நீங்களாவது ஆரம்பிக்காதீர்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவுக்கோ தம்பிக்கோ அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விற்க அதிகாரம் கொடுக்காமல், வாங்கவும் வாடகைக்கு விடவும் மட்டும் கொடுத்தால் போதும். உங்களுக்கு வாடகை தருபவர் அதில் சுமார் 31 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. குடிவருபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பிடித்த தொகை உங்கள் உண்மையான வரியைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.